அரியலூர் முதலை என்ன சாப்பிட்டது?

மல்லசமுத்திரம் பக்கம் மாடு வாங்கப் போகும் பெரியவர்கள், தரகர் சொல்லும் வயதை அப்படியே நம்புவதில்லை. மாட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல் போட்டிருக்கிறதா, நான்கா, ஆறா, எட்டும் சேர்ந்துவிட்டதா என்று எண்ணினால் வயது தெரிந்துவிடும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்!

தொல்லுயிர் ஆய்வாளர்களும் பல்லைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், அவர்கள் அதனிடம் முக்கியமாகக் கேட்பது வயதை அல்ல, சாப்பாட்டை. தீவனத்தை அரைக்கும் மாட்டின் கடைவாய்ப் பல் அகலமாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். கறியைக் கிழிக்கும் நாயின் பல் கூர்மையாக இருக்கும்.

முதலைகளில் முகவாக்கும் சாட்சி சொல்லும். வட இந்திய ஆறுகளில் வாழும் கரியால் முதலைக்கு நீண்டு ஒடுங்கிய வாய், 100-க்கும் மேற்பட்ட ஊசிப் பற்கள். தண்ணீருக்குள் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் வீசி மீனைப் பிடிக்க இதைவிடத் தோதான வாய் கிடையாது. ஒகேனக்கல், அமராவதி அணைப் பக்கம் இருக்கும் நம்மூர் முதலைக்கோ அகன்ற வாய், தடித்த பற்கள். மீன், ஆமை, பறவை, விலங்கு என்று எது சிக்கினாலும் விடாது.

இப்போது அரியலூர் மாவட்டத்தில் உள்ள கல்லமேட்டுக்குப் போவோம். அங்கே டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மண் இருக்கிறது. ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே கிடைத்த முதலைப் பற்கள் மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற விலங்கின் பற்களை ஒத்திருப்பதாகத் தெரிவித்தார்கள்.

சிமோசூக்கஸ் முதலைக்குத் தூரத்து உறவு. ஒரு மீட்டர்கூட நீளமில்லாத, தரையில் நடமாடிய பிராணி. மூக்கு நீளாமல், சப்பையான முகம். பற்கள் கிராம்பு வடிவில், உச்சியில் வரிசையாகச் சிறு முனைகளோடு இருக்கும். இலை தழை தின்னும் இன்றைய பல்லிவகை உயிரினமான இகுவானாவின் பற்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். எனவே, இது செடி கொடிகளைத் தின்றிருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இது தனி ஒரு விலங்கின் கதையல்ல. 2019-ல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள், அழிந்துபோன 16 வகை முதலை உறவினங்களின் 146 பற்களைக் கணினியில் அளந்தார்கள். பல்லின் மேற்பரப்பில் மேடு பள்ளம் கூடக் கூட, தாவர உணவு கூடியிருக்கும் என்பது கணக்கு. முதலைக் குடும்பத்தில் சைவம் குறைந்தது மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று தெரியவந்தது.

ஆனால், பல்லை மட்டும் வைத்து முழு இலையையும் சொல்லிவிட முடியாது. இன்று வாழும் 18 வகை முதலைகளின் உணவை 2013-ல் அலசியபோது, 13 வகைகள் பழமும் தின்பது தெரிந்தது. அவற்றின் கூம்புப் பற்களைப் பார்த்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. ஒரு வாயால் என்ன தின்ன முடியும் என்பதைப் பல் சொல்லும். இடையில் எதைக் கொறித்தது என்பதைச் சொல்லாது.

இன்னொரு விஷயம். இதே கல்லமேட்டில்தான் ப்ருஹத்காயோசாரஸ் என்ற ராட்சத டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. அதன் கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம். எனாமல் போர்த்திய சின்னஞ்சிறு பற்களோ கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டி வந்துவிட்டன.

விடுமுறையில் அரியலூர் பக்கம் போனால், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். வழியில் வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்க வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், பல்லுக்கும் பாதிக் கதைதான் மிஞ்சும்.