கோச் மாறினார்... தலைவாஸ் மாறுச்சா? கொல்லிமலை பசங்களுக்கும் இதுல ஒரு கணக்கு இருக்கு!

இந்த அக்டோபர் மாதிரி ஒரு கபடி மாதம் தமிழ்நாட்டுக்கு வாய்த்ததே இல்லை. 17-ம் தேதி, மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' ரிலீஸ். 23-ம் தேதி, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு இரண்டு கபடித் தங்கம். ஒன்றில் கண்ணகி நகர் கார்த்திகா, இன்னொன்றில் வடுவூர் அபினேஷ். ரீல்ஸ் முழுக்க கபடிதான். கொல்லிமலை செம்மேட்டில் இருந்து சென்னை வரை ஸ்டேட்டஸ் எல்லாம் கார்த்திகா முகம்தான்.

அதே அக்டோபரில், தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிற ஒரே புரொஃபஷனல் கபடி டீமான தமிழ் தலைவாஸ், ப்ரோ கபடி லீக்கின் 12-வது சீசனில் இருந்து சத்தமே இல்லாமல் வெளியேறியது. 12 அணிகளில் 8 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அந்த எட்டுக்குள்ளேயே வரல பாஸ்!

இத்தனைக்கும் சீசன் ஆரம்பிக்கும்போது எதிர்பார்ப்பு எகிறிக் கிடந்தது. காரணம், புது கோச் சஞ்சீவ் பாலியன். 2022-ல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பை தூக்கியபோது அவர்தான் பயிற்சியாளர். அந்த சீசனில் 296 ரெய்டு பாயின்ட் எடுத்து மிரட்டிய அர்ஜுன் தேஷ்வாலையும் 1.405 கோடி ரூபாய்க்கு தலைவாஸ் ஏலத்தில் எடுத்தது. கூடவே பவன் செராவத், 59.5 லட்சத்துக்கு. கோப்பை ஜெயித்த கோச், அவர் வளர்த்த ரெய்டர், 'ஹை ஃப்ளையர்' பவன்... பேப்பரில் பார்த்தால் செம டீம்.

ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினம். முதல் மேட்ச்சிலேயே தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று சாய்த்தார்கள். ஆனால் செப்டம்பரில், ஜெய்ப்பூர் சுற்றின்போது, கேப்டன் பவன் ஒழுங்கு நடவடிக்கையாக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்று அணி நிர்வாகம் அறிவித்தது. பவன் அதை மறுத்து வீடியோ போட்டார். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்கு நாம் போக வேண்டாம். ஆனால் களத்தில் நடந்தது கண்முன்னே தெரிந்தது. கேப்டன் பொறுப்பும் ரெய்டு சுமையும் மொத்தமாக அர்ஜுன் தலையில் விழுந்தது.

இந்த சுமை ஏன் ஆபத்து? கபடியில் ஒரு டீமின் மெயின் ரெய்டர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தால், மத்தவங்க ஒரு பாயின்ட் எடுத்துதான் அவரை உள்ளே கொண்டுவர முடியும். இரண்டாவது ரெய்டர் திணறினால் அவர் வெளியேதான். தொடர்ந்து இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. பாயின்ட் எடுக்கலைன்னா ரெய்டரே அவுட். இப்படி ஒவ்வொருத்தராகக் குறைந்து கடைசியில் ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலாக 2 பாயின்ட். நாலே நிமிஷத்தில் மேட்ச் கை மாறிவிடும். கோச் எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தாலும், வெளியே நின்று டைம் அவுட் கேட்கலாம், ஆளை மாத்தலாம், அவ்வளவுதான். ரெய்டுக்குப் போறது அவர் இல்லையே!

தலைவாஸுக்கு இது புதுக்கதையும் இல்லை. 2019-ல் ஏழாவது சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே கோச் எடச்சேரி பாஸ்கரன் விலகி, உதயகுமார் வந்தார். டீம் கடைசி இடம். 2022-ல் 2.26 கோடி கொடுத்து இதே பவனை வாங்கினார்கள், அப்போதைக்கு லீக் வரலாற்றிலேயே அதிக விலை. முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடிபட்டு சீசனே முடிந்தது. கொஞ்ச நாளில் கோச்சும் மாறி, ஆஷன் குமார் வந்தார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. தலைவாஸ் வரலாற்றின் பெஸ்ட் சீசன் அதுதான்! சூப்பர் ஸ்டார் இல்லாத அந்த டீமில், அறிமுக வீரரான நரேந்தர் 243 ரெய்டு பாயின்ட் குவித்தார். சாகர், சாஹில் குலியா என இரண்டு கார்னர்களும் கிடுக்கிப்பிடி போட்டார்கள். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என டை, டை பிரேக்கரில் 6-4 என வெற்றி. அரையிறுதியில் புனேவிடம் 37-39, வெறும் 2 பாயின்ட்டில் தோல்வி. பெரிய ஆள் இல்லாததால் எல்லோரும் ஆட வேண்டியிருந்தது, ஆடினார்கள். அதற்குப் பிறகு? 10-வது சீசனில் ஒன்பதாவது இடம். 11-வது சீசனில் 2.15 கோடிக்கு சச்சின் தன்வர், மறுபடி உதயகுமார், கூடவே தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். அப்போதும் ஒன்பதாவது இடம்தான்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்தான் என்பார்கள். ஆடி 17, 18-ல் மலையில் அவனுக்கு அரசு விழாவே நடக்கிறது. தலைவாஸ் நிர்வாகமும் வருஷா வருஷம் அந்த ஒரு அம்பைத்தான் தேடுகிறது போல. இந்த சீசனில் மற்ற அணிகளுக்கும் அந்த அம்பு குறி தவறியது. 2.23 கோடிக்கு ஷாட்லூவை எடுத்த குஜராத், 2.205 கோடிக்கு தேவாங்கை எடுத்த பெங்கால், ரெண்டுமே பிளே ஆஃப் பக்கம் வரல.

ஃபைனல் ஆடியது யார்? டெல்லியும் புனேவும். ஜெயித்த டெல்லியின் கோச் ஜோகிந்தர் நர்வால், அதே டீமின் முன்னாள் கேப்டன். புனேவின் கோச் யார் தெரியுமா? அஜய் தாக்கூர். ஆமா, தலைவாஸின் முதல் கேப்டன்! நாம் ஸ்டாராக வாங்கிய ஆள், அங்கே கோச்சாகி டீமை ஃபைனல் வரை கூட்டிப்போயிருக்கிறார். அந்த புனே டீமின் டிஃபென்ஸில் பல வருஷமாக நிற்கிற அபினேஷ் நடராஜன் தமிழ்நாட்டுப் பையன். சின்ன வயசு வீரர்களை எடுத்து, அவசரப்படாமல் வளர்க்கிற டீம் அது. நம்ம ஊர் பையனை வளர்க்க புனேதான் வரணுமா என்பது என் ஆதங்கம்.

சரி, இதில் கொல்லிமலைக்கு என்ன கணக்கு?

கபடிக்கு கிட் வேண்டாம், டர்ஃப் வேண்டாம், மணிக்கு இவ்வளவு என்று வாடகையும் வேண்டாம். மிளகும் வாழையும் விளைகிற மலையில், கொஞ்சம் சமதளமும் சுண்ணாம்புக் கோடும் போதும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். ப்ரோ கபடி நடப்பது மேட்டில், ஷூ போட்டு. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையனுக்கு மேட்டில் கால் திருப்பும் விதமே வேறு. பாதம் பிடித்துக்கொள்ள, முழங்கால் திரும்பினால் ஜவ்வு போச்சு. அந்தப் பழக்கத்துக்கு மேட் இருக்கிற இடம் வேண்டும், தினமும் வேண்டும். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற ஊரில் இருந்து, பிராக்டிஸுக்காக ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தினமும் நாமக்கல் போய் வர முடியுமா? சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

ஊராட்சிகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் வந்திருக்கிறது, முதலமைச்சர் கோப்பையில் கபடி இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மாவட்டப் போட்டிக்கும் ப்ரோ கபடி ஏலத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். ஏலத்தின் கடைசிப் பிரிவான 'டி'-யின் அடிப்படை விலையே 9 லட்சம். மலையில் ஒரு குடும்பத்துக்கு அது என்ன தொகை என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பள்ளத்தில் பாலம் போட வேண்டியது யார்? மாநிலத்தின் பெயரை ஜெர்சியில் போட்டிருக்கும் டீமுக்கு அதில் பங்கு உண்டு என்பேன். கோடிகளில் ஒரு ரெய்டரை எடுக்கிற வருஷம், சில லட்சங்களில் நாமக்கல், தேனி, தென்காசிப் பக்கம் நாலு மேட்டும் நாலு கோச்சும் போட்டால், ரிசல்ட் அந்த சீசனில் தெரியாது. மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரை பொறுமை இருக்கணுமே!

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ப்ரோ கபடியில் மகளிருக்கு லீக்கே இல்லை. 2016-ல் மூன்று அணிகளை வைத்து ஒரு மகளிர் சேலஞ்ச் நடத்தினார்கள், அத்தோடு சரி. ஃபைனலில் ஈரானை 75-21 என்று நொறுக்கிய கார்த்திகா டீமின் பொண்ணுங்க, நாளைக்கு ப்ரோ கபடியில் ஆட நினைத்தால் எந்த ஏலத்தில் பெயர் கொடுப்பார்கள்?

அடுத்த சீசனுக்கு முன் தலைவாஸ் வெளியிடும் ரீட்டென்ஷன் லிஸ்ட்டைக் கவனியுங்கள். கோச் யார் என்பதை விட, அதில் எத்தனை இளம் வீரர்கள் தக்கவைக்கப்படுகிறார்கள், எத்தனை பேர் இங்கிருந்து போனவர்கள் என்று பாருங்கள். ஏலத்தன்று ட்ரெண்ட் ஆகும் கோடி ரூபாய் போஸ்டரில் அந்தத் தகவல் இருக்காது.