ஒரு கண்டு கூடுதலாக



போன வாரம் சென்னைப் பாரிமுனைக்குப் போனது ஒரு ஜோடி பின்னல் ஊசி வாங்கத்தான். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் பதினோரு உல்லன் கண்டுகள் உருண்டு விழுந்தன. ஊசியைக் காணோம். வாங்கினால்தானே இருக்கும்!

சந்துக்குள் ஒடுங்கிய கடை அது. தரையிலிருந்து கூரை வரை நூல்தான். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி ஒரு கட்டை இறக்கி, பாலிதீனைப் பிரித்து மேஜையில் கொட்டுவார். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, மயில்கழுத்து, வெங்காயத்தோல். புடவைக் கடைக்குப் போன மாதிரிதான். என்ன, புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்போம், நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். கன்னத்தில் குத்துகிற நூல் கழுத்திலும் குத்தும்.

கம்பளி என்று சொல்லி அக்ரிலிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகமா? விரல் நீளத் துண்டைக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பருத்தியில் காகிதம் எரிகிற வாசனை வரும். கடைக்குள் வைத்து மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

கண்டின் மேல் சுற்றியிருக்கும் தாளில் நிற எண்ணோடு, அது எந்தச் சாயத் தொட்டியில் தோய்ந்தது என்பதைக் காட்டும் லாட் எண்ணும் இருக்கும். ஒரே நிறமே ஆனாலும் ஒவ்வொரு தடவை தோய்க்கும்போதும் சாயம் இம்மி வேறுபடும். இதை அப்பாவுக்கு நீல ஸ்வெட்டர் பின்னியபோதுதான் கற்றேன். இடது கைக்கு நூல் போதவில்லை. அதே நிற எண் பார்த்து ஒரு கண்டு வாங்கி முடித்தேன். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. மார்கழி விடியலில் அப்பா நடக்கக் கிளம்பி வாசல் வெளிச்சத்தில் நின்றபோது, இடது கை மட்டும் தனியாகத் தெரிந்தது. "இது நல்லாத்தானேம்மா இருக்கு" என்று கடைசி வரை அதையே போட்டார்.

அன்று முதல் எதைத் தொடங்கினாலும் ஒரு கண்டு கூடுதலாக வாங்கிவிடுவேன். அப்படி மிஞ்சியவை ஒன்றிரண்டாகச் சேர்ந்து பீரோவின் மேல்தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டன. வெளிநாட்டுப் பின்னல்காரர்கள் இந்தச் சேமிப்பை 'ஸ்டாஷ்' என்கிறார்கள். ஆயுள் முழுக்கப் பின்னினாலும் தீராத ஸ்டாஷுக்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு. நமக்கும் இது புதிதல்ல. வருஷப் புளியைப் பானையில் அடைத்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம்? ஆனால் புளி அடுத்த சித்திரைக்குள் தீர்ந்துவிடும். என் நூல் தீர்வதில்லை.

தீர்க்கவும் வழி இருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், பலர் வீட்டிலிருந்து பின்னிக் கொண்டுவந்த துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான்.

ஏக்கர் கணக்கு நமக்கு வேண்டாம். பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி பின்ன 50 கிராம் கண்டு ஒன்று தாராளம். மிருதுவானதாகப் பார்த்து எடுங்கள். அந்தத் தொப்பியைப் பக்கத்து அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஆளுக்கொரு கண்டை மேல்தட்டிலிருந்து இறக்குவோம். பின்னி முடித்ததும் எங்களுக்கு நாலு வரி எழுதுங்கள்.

பதினோரு கண்டும் தொப்பியாகும் வரை பாரிமுனைப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று நானும் முடிவு செய்திருக்கிறேன். ஊசி வாங்க மட்டும் ஒருமுறை போயாக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்