ஐந்து சரிகளும் ஐந்து உரிமைகளும்

மொழிபெயர்ப்பாளனுக்கு நேரும் பிழைகளில் சில அவனுக்கே பாடம் கற்பிக்கின்றன. செவிலியரின் பணிநிலைமை குறித்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அண்மையில் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நோயாளிக்கு மருந்தளிக்கும்போது பின்பற்ற வேண்டிய அடிப்படை விதிகளை அக்கட்டுரை 'ஃபைவ் ரைட்ஸ்' என்று குறிப்பிட்டிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீர்மானங்களையும் கோரிக்கை அறிக்கைகளையும் பெயர்த்துப் பழகிய கை, தயக்கமின்றி 'ஐந்து உரிமைகள்' என்று எழுதிவிட்டது.

மெய்ப்பைப் படித்துப் பார்த்த செவிலியர் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தில்லியில் நெடுங்காலமாகப் பணியாற்றும் தமிழ்ப் பெண் அவர். "தோழர், அது உரிமை இல்லை, 'சரி'. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். முதலாண்டிலேயே எங்களுக்கு மனப்பாடம் செய்யவைப்பார்கள்" என்றார். திருத்திக்கொண்டேன். ஆயினும் அவருடன் பேசப் பேச, அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருப்பதை உணர்ந்தேன். உரிமைகள் இல்லாத இடத்தில் சரிகள் நிலைப்பதில்லை.

முதலில் அந்த ஐந்து சரிகளைப் பார்ப்போம். கேட்பதற்கு எளியவை, ஒவ்வொன்றிலும் ஒரு படுகுழி உண்டு.

சரியான நோயாளி. மயக்கத்திலும் காய்ச்சலிலும் கிடப்பவரிடம் "நீங்கள் சாவித்திரியா?" என்று கேட்டால், யாராயினும் "ஆம்" என்று தலையசைக்கக்கூடும். எனவே "உங்கள் பெயர் என்ன?" என்றே கேட்க வேண்டும். பெயரை மணிக்கட்டுப் பட்டையோடும் மருத்துவக் குறிப்போடும் ஒப்பிட வேண்டும். கட்டில் எண்ணை நம்பக் கூடாது. ஒரே கட்டிலில் இருவர் படுத்திருக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் கட்டில் எண் யாரைக் குறிக்கும்? தலைநகரின் வார்டுகளில் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நோயாளி பேசுவது போஜ்புரி, செவிலியரின் தாய்மொழி மலையாளம், குறிப்பு இருப்பதோ ஆங்கிலத்தில்.

சரியான மருந்து. ஒலியிலும் தோற்றத்திலும் ஒத்த பெயர்கள் பல. ஆகவே பெயர்ச்சீட்டை மூன்று முறை படிக்க வேண்டும் என்பது விதி: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளந்து தயாரிக்கும்போது, நோயாளியிடம் கொடுக்கும் முன்பு. மருத்துவர் தொலைபேசியில் சொன்ன மருந்தாயின், எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சரியான அளவு. '5.0' என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிறது, '.5' என்று எழுதினால் 5 ஆகிறது. இன்சுலினில் இன்னொரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்ட இன்சுலினும் புழங்குகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடியிட்ட சிரிஞ்சு. மாறிப்போய், 100 அலகு இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்தாம் கோடுவரை இழுத்தால் உடலில் ஏறுவது பத்து அலகன்று, இருபத்தைந்து அலகு. சர்க்கரை அளவு அதலபாதாளத்துக்கு வீழ்ந்து உறக்கத்திலேயே நினைவிழக்க அது போதும். இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இரண்டாவது செவிலியர் ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

சரியான வழி. பொட்டாசியம் குளோரைடு பலருக்கு உயிர்காக்கும் மருந்து. உரிய அளவு நீர்க்கவைத்து மெல்லச் சொட்டவிட வேண்டியது. நீர்க்காமல் நேரே சிரைக்குள் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். அந்தச் சிறுகுப்பி, மற்றச் சிறுகுப்பிகளைப் போன்ற தோற்றத்துடன் அதே தட்டில் இருக்கிறது. அடர்கரைசலை வார்டிலேயே வைக்காமல் அப்புறப்படுத்துவதே சிறந்த காப்பு என்கின்றனர் துறை வல்லுநர்கள். அதைச் செய்ய வேண்டியது நிர்வாகம், செவிலியரால் இயலாது.

சரியான நேரம். கொடுத்த கையோடு குறிப்பில் பதிவதும் இதனோடு சேர்ந்தது. பதியாவிட்டால் அடுத்த பணிமுறைக்கு வருபவர் அதே மருந்தை மீண்டும் கொடுத்துவிடுவார். கொடுக்கும் முன்பே பதிந்துவிட்டால், கொடுக்காமலே போய்விடவும் கூடும்.

இனி ஒரு சிறு கணக்கு. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்ய நோயாளி ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று கொள்வோம். இது குறைவான மதிப்பீடே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறி. இதை மூன்று பணிமுறைகளுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொரு பணிமுறையிலும் ஒன்பது பேருக்கு ஒருவர். முப்பத்தாறு நோயாளிகள் உள்ள வார்டில் நான்கு செவிலியர் இருந்தால் இரவு ஒன்பது மணி மருந்துச் சுற்று இருபத்தேழு நிமிடத்தில் முடியும். ஒருவரே இருந்தால் நூற்றெட்டு நிமிடம் ஆகும். கடைசி நோயாளிக்கு ஒன்பது மணி மருந்து கிடைக்கும்போது மணி பத்தே முக்காலைத் தாண்டியிருக்கும். இடையில் ஒருவருக்கு மூச்சுத் திணறினாலோ, புதிய நோயாளி வந்து சேர்ந்தாலோ, இக்கணக்கும் குலையும்.

ஆக, அந்தச் செவிலியருக்கு இரண்டே வழிகள். விதிகளைக் காத்து நேரத்தைத் தவற விடலாம்; நேரத்தைக் காக்க விதிகளைச் சுருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் ஐந்தில் ஒன்று தவறுகிறது. இத்தவற்றை அவர் வார்டுக்குள் நுழையும் முன்பே ஆள்குறைப்பு ஆணை தீர்மானித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல், தவிர்க்கத்தக்க கடும் மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்போம் என்று அறைகூவியது. மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு 4,200 கோடி டாலர் என மதிப்பிட்டது. அதன்பின் பயிலரங்குகள் நடந்தன, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சுவரொட்டியை நிமிர்ந்து பார்க்க ஓய்வில்லாதவரிடம் அது என்ன சாதிக்கும்?

பிழை நேர்ந்தால் தண்டனை மட்டும் தவறாமல் வந்துசேர்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவைத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு யாவர்க்கும் உச்சத் தண்டனை இரண்டாண்டுச் சிறை. புதிய சட்டம் அதை ஐந்தாண்டுகளாக்கியது. பதிவுபெற்ற மருத்துவருக்கு, மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்ததாயின், இரண்டாண்டே உச்சம் என்று விலக்களித்தது. மருத்துவர் என்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படியான கல்வித் தகுதியையே வரையறையாக வைத்தது. செவிலியர் அவ்வரையறைக்குள் வரவில்லை. ஒரே கட்டிலருகே, ஒரே நோயாளிக்கு நேரும் ஒரே விளைவுக்கு, மருந்தை எழுதியவருக்கு இரண்டாண்டு, கொடுத்தவருக்கு ஐந்தாண்டு வரை! மருத்துவர்க்கு அளித்ததைப் பறிக்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். அதைச் செவிலியர்க்கும் அளிக்க வேண்டும் என்பதே.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017 இறுதியில் நடந்தது ஓர் எச்சரிக்கை. மருந்து வழங்கும் தானியங்கிப் பெட்டியில் பெயரின் முதலிரு எழுத்துகளைத் தட்டிய செவிலியர், உறக்க மருந்துக்கு மாற்றாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துச் செலுத்திவிட்டார். நோயாளி இறந்தார். செவிலியர் தவற்றைத் தாமே ஒப்புக்கொண்டார். பெட்டியின் தடுப்பைக் கடந்து மருந்தெடுப்பது அம்மருத்துவமனையில் அந்நாட்களில் அன்றாட நடைமுறையாக இருந்ததென்று வழக்கு விசாரணையில் பேசப்பட்டது. எனினும் 2022-இல் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் செவிலியர் ஒருவரே. இவ்வழி போனால் பிழைகளை மறைக்கும் பழக்கமே வளரும் என்று அந்நாட்டுச் செவிலியர் சங்கம் கவலை தெரிவித்தது. மறைக்கப்பட்ட பிழையிலிருந்து எவரும் பாடம் கற்பதில்லை.

அப்படியாயின் செவிலியரின் கவனக்குறைவுக்கு வக்காலத்து வாங்குகிறோமா? இல்லை. நோயாளியும் உழைப்பாளியே, பெரும்பாலும் எவ்விதப் பாதுகாப்புமற்ற ஏழை உழைப்பாளி. அவருடைய உயிருக்கு முன் எந்தச் சலுகையும் கேட்க நாம் முன்வர மாட்டோம். பெயர்ச்சீட்டை மூன்று முறை படிப்பதும், ஐயம் வந்தால் கையை நிறுத்துவதும் தொழில்நேர்மை. அவற்றைக் கைவிடுபவரைக் கேள்வி கேட்கும் முதல் அமைப்பாகச் சங்கமே இருக்க வேண்டும். என் பிழைக்கு அடுத்த இதழில் 'பிழைதிருத்தம்' போட இடமுண்டு. செவிலியரின் பிழைக்கு அடுத்த இதழ் இல்லை. அதனாலேயே அவருக்குத் தேவையான சூழலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் நலனுமாகிறது.

எனவே ஐந்து சரிகளுக்கு ஐந்து உரிமைகள் வேண்டும். நெறிப்படியான ஆள்பலம். மருந்துச் சுற்றின்போது குறுக்கிடாத நேரம். ஐயமுள்ள உத்தரவைக் கேள்வி கேட்கவும், தெளிவு பெறும்வரை நிறுத்திவைக்கவும் அதிகாரம். தண்டனை அச்சமின்றிப் பிழைகளை அறிவிக்கும் ஏற்பாடு. நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும்.

கடைசி உரிமைக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், "டாக்டர், இந்த அளவு சரிதானா?" என்று கேட்கத் துணிவதில்லை. வாங்கும் சம்பளம் வாடகைக்குப் போதாதவர், இரவுப் பணி முடித்து இன்னோரிடத்தில் பகற்பணிக்குச் செல்கிறார். உச்சநீதிமன்ற ஆணையின்படி 2016-இல் அமைந்த ஜகதீஷ் பிரசாத் குழு, இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியர்க்கு இணையான ஊதியமும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்தவற்றில்கூட மாதம் 20,000 ரூபாயும் பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளத்தில் 2017-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர் வீதிக்கு வந்து போராடினர். 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என அறிவிக்கை வெளியிட்டது. பரிந்துரைக்கு உயிர் கொடுத்தது போராட்டமே.

நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் ஊதியமும் பணி நிரந்தரமும் இடம்பெறுகின்றன. மருந்துப் பாதுகாப்பு அரிதாகவே இடம்பெறுகிறது. இனி அது முதல் பக்கத்தில் வர வேண்டும். 106-ஆம் பிரிவில் செவிலியரைச் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு தோழரும் வார்டில் இன்றிரவு எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்று கேட்டறிந்து கிளைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

அந்தச் செவிலியர் தோழர் திருத்திய மெய்ப்பு என் மேசையில் இருக்கிறது. 'உரிமைகள்' என்பதை அடித்துச் 'சரிகள்' என்று எழுதியிருக்கிறார். அச்சொல்லை மீண்டும் எழுத வேண்டிய இடம் நம் கோரிக்கைப் பட்டியல்.