ஜாவா கோப்பின் வீடு டேட்டாபேஸ் அல்ல

"கோட் டேட்டாபேஸ்லயே பத்திரமா இருக்கு. பிறகு கிட் எதுக்கு?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் என்னிடம் இப்படிக் கேட்டார். அன்றைக்குத் தலையாட்டினேன். இன்றைக்கு ஆட்ட மாட்டேன்.

ஆரக்கிள் 1999இல் வந்த 8ஐ பதிப்பிலிருந்தே டேட்டாபேஸுக்குள் ஜாவாவை ஓடவிடுகிறது. லோட்ஜாவா என்ற கருவியால் கோப்பை ஏற்றி, அதற்கு ஒரு எஸ்கியூஎல் ஃபங்ஷனை அறிவித்தால், செலக்ட் வரிக்குள்ளேயே ஜாவாவைக் கூப்பிடலாம். வசதிதான். ஆனால் லோட்ஜாவா மூலக் கோப்பையும் ஏற்றும், கம்பைல் செய்த கிளாஸ் கோப்பையும் ஏற்றும். கிளாஸை மட்டும் ஏற்றினால் மூலம் உள்ளே இருக்காது. மூலத்தையே ஏற்றினாலும், இன்னொருவர் அதே பெயரில் மாற்றி ஏற்றினால் பழையது போய்விடும். ஏன் மாற்றினார் என்று டேட்டாபேஸ் சொல்லாது.

எங்கள் குழுவில் அதுதான் நடந்தது. ஒரு கட்டணக் கணக்கு சில்லறையில் பிழைத்தது. உள்ளே இருந்தது கிளாஸ் மட்டும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். மூலக் கோப்பு அவருடைய பழைய லேப்டாப்போடு போய்விட்டது. டீகம்பைல் செய்து, ஒரு கமெண்ட் கூட இல்லாத கோடை மூன்று நாள் வாசித்தோம். அந்த மூன்று நாளும் பிழையான பில் ஆட்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"சின்ன ஃபங்ஷனுக்கு இவ்வளவு தேவையா?" என்பார்கள். தேவை. சின்னதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறோம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. ஜாவா மூலம், ஃபங்ஷனை அறிவிக்கும் எஸ்கியூஎல், ஏற்றும் கட்டளை மூன்றையும் கிட்டில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கையால் ஏற்றாதீர்கள், ஸ்கிரிப்ட் ஏற்றட்டும். ஒரே கிளாஸை மூலமாக ஒருமுறை, கிளாஸாக ஒருமுறை என்று மாற்றி மாற்றி ஏற்றாதீர்கள். டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஜாவாவின் பதிப்புக்கே கம்பைல் செய்யுங்கள். ஆரக்கிள் 19சியில் அது ஜாவா 8. ஏற்றியபின் யூசர்_ஆப்ஜெக்ட்ஸில் இன்வேலிட் என்று ஏதும் நிற்கிறதா பாருங்கள். போஸ்ட்கிரெஸில் பிஎல்/ஜாவா வைத்து ஜார் ஏற்றுபவர்களுக்கும் கிட்தான் மூலத்தின் வீடு.

டேட்டாபேஸ் கோடை ஓட்டும் இடம். நாளைக்கு உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர் தேடுவது, நீங்கள் அதை ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதை. அதை அவருக்கு விட்டுவிட்டுப் போங்கள்.