கடலைக்கும் கடலைக்கும் கல்யாணம்



“ஐயகோ! மரபணுவிலே கை வைக்கிறார்கள்! மண் மலடாகும், மக்கள் மாள்வர்!” என்று மேடைதோறும் முழங்குகிறார்கள் சிலர். மாலையும் விழுகிறது. எந்த விதை, எந்த மரபணு, செய்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள், தொண்டை கமறுகிறது!

வட கர்நாடகக் கரிசல் காட்டைக் காணுங்கள். மழை விடைபெற்ற பின் மண்ணிலே எஞ்சிய ஈரத்தை நம்பி விதைக்கப்படுவது கொண்டைக்கடலை. உழவன் உள்ளங்கவர்ந்த இரகம் அன்னிகேரி 1. பகைவனோ மண்ணுக்குள்ளே பதுங்கிக் கிடக்கிறான். வாடல் நோய்ப் பூசணம்! கடலையே விதைக்காது விட்டாலும் ஆறாண்டு வரை அது மடியாது. வேர் வழியே நுழையும். நீரேறும் குழாயை அடைக்கும். நேற்று நிமிர்ந்து நின்ற செடி நாளை தலை தொங்கும். காலடியிலே ஈரமிருக்க, தாகத்தால் சாவு! சோக நாடகங்கள் எழுதியவன்தான் நான். இப்படியொரு காட்சி என் கற்பனைக்கும் எட்டியதில்லை.

ஆய்வாளர் செய்தது என்ன? டபிள்யூ.ஆர். 315 என்றொரு கடலை, அந்நோயை எதிர்த்து நிற்பது. அதனையும் அன்னிகேரியையும் கலந்தனர். பிறந்த பிள்ளைகளை மீண்டும் மீண்டும் அன்னிகேரியோடே சேர்த்தனர். எந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பாற்றல் வாய்த்தது? நோய் பிடித்த நிலத்திலே நட்டு, செத்தது எது, பிழைத்தது எது என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் காத்திருக்கவில்லை. இளஞ்செடியின் இலையைக் கிள்ளி, மரபணுவின் அடையாளக்குறியைப் பார்த்துத் தேர்ந்தனர். ராய்ச்சூர் வேளாண் பல்கலைக்கழகமும் பட்டான்சேரு இக்ரிசாட் நிறுவனமும் இவ்வாறு ஆக்கிய ‘சூப்பர் அன்னிகேரி 1’, 2019-இல் வெளியீட்டுக்குத் தேர்வாயிற்று. பழையதினும் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுந்த விளைச்சல்!

அயல் உயிரின் மரபணு ஏதும் அங்கே புகுத்தப்படவில்லை. கடலைக்கும் கடலைக்கும் கல்யாணம். சாதகம் பார்த்தது ஆய்வுக்கூடம். சாதகத்தைச் சாடுவோர் நாம். ஆயினும் இந்தச் சாதகம் மெய்! படிப்பது வேறு, புகுத்துவது வேறு. கல்லூரியைப் பாதியிலே விட்ட எனக்கே இது விளங்குகிறது. பட்டங்களை அடுக்கியவர்க்கு விளங்கவில்லையாம்!

2013-இல் கொண்டைக்கடலையின் மரபணுத்தொகை வரைவு வெளியாயிற்று. ஏறத்தாழ 28,000 மரபணுக்கள். ஏடு திறந்தே கிடக்கிறது. பின் ஏன் வேகமில்லை?

இங்கேதான் சூட்சுமம்! கடலை, தன் மகரந்தத்தாலே தான் கருவுறும் பயிர். விளைந்ததிலே ஒரு பங்கை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை. எடுத்து வைக்கவும் பகிரவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவனுக்கு உரிமை தந்திருக்கிறது. ஆண்டுதோறும் கடைக்கு வராத உழவனிடம் விதை வணிகனுக்கு என்ன காதல்? ஆகவே இது அரசுப் பணத்திலே நடக்க வேண்டிய வேலை. “மரபணுவா, வேண்டாம்!” என்று கூச்சலிடுவோர் யாருக்கு உதவுகிறார்கள்? பணம் ஒதுக்காமலிருக்கச் சாக்குத் தேடும் கருவூலத்துக்கு! உலகிலேயே மிகுதியாகப் பருப்பு விளைவிக்கும் இந்தியா, மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் துவரை வாங்குகிறது. கப்பலுக்குப் பணம் உண்டு, கடலைக்கு இல்லையா?

பகைவனும் உறங்கவில்லை. வாடல் பூசணத்திலே பல இனங்கள். சூப்பர் அன்னிகேரி எதிர்த்து நிற்பது நான்காம் இனத்தை. நம் நாட்டு உளுந்தையோ, வெள்ளை ஈ சுமந்து வரும் மஞ்சள் தேமல் நச்சுயிரி வதைக்கிறது. அதை எதிர்க்கும் இரகங்களைப் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனிலே, அரசுப் பயறு ஆராய்ச்சி மையம் தந்து வருகிறது. உங்கள் ஒன்றியத்து விதைக் கிடங்கிலே அவ்விதை எத்தனை மூட்டை இருக்கிறது? நாளைக் காலை சென்று கேளுங்கள். கணக்கைக் கையெழுத்தோடு வாங்குங்கள்.