ஏற்றுரையும் எழுதிய மன்றாட்டும்

பெந்தெகொஸ்தே வழிபாடு மரபுவடிவம் அற்றது என்னும் எண்ணம் அவ்வியக்கத்தாரிடமும் அதனை ஆராய்வோரிடமும் ஒருசேர நிலவுகிறது. 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் தலைமையில் கூடியோர், ஆவியானவரின் ஏவுதலையே வழிபாட்டு ஒழுங்காகக் கொண்டனர். இன்றோ அவ்வழிவந்த சபைகள் சில, நிசேயா விசுவாச அறிக்கையை ஓதுகின்றன; திருச்சபை ஆண்டின் காலங்களையும் கடைப்பிடிக்கின்றன. பெந்தெகொஸ்தே மரபினரான சிங்கப்பூர் இறையியலாளர் சைமன் சான், 2006இல் வெளியிட்ட வழிபாட்டு இறையியல் நூலில் இம்மீட்சிக்காக விரிவாக வாதிட்டார்.

இதனைத் தடம்புரள்வு எனக் கடிவோர் உளர். தொன்மைச் சான்றுகள் அக்கண்டனத்துக்கு இடந்தரவில்லை. திதாக்கே என்னும் தொடக்ககால நூல், திருவிருந்துக்குரிய நன்றி மன்றாட்டைச் சொல் பிசகாமல் வகுத்துத் தருகிறது. அடுத்தே, இறைவாக்கினர் தாம் விரும்புமளவு நன்றி கூற விடுமாறும் பணிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன், தலைவர் தம்மால் இயன்றவாறு மன்றாட மக்கள் 'ஆமென்' என உடன்படுவர் என்கிறார். வரையறுத்த சொல்லும் வரையறையற்ற சொல்லும் ஒரே பந்தியில் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் ஆவியானவர் இறங்கிவர வேண்டும் கீழைத் திருச்சபைகளின் மன்றாட்டு, பெந்தெகொஸ்தே உள்ளத்துக்கு மிக அணுக்கமானது. அதனை விடுத்து மெழுகுவர்த்தியிலும் அங்கியிலும் தொடங்குவது தோலை எடுத்துச் சுளையை விடுவதாகும்.

தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபையில் ஒருவர் வாய்மொழியாக மன்றாடும்போது ஏனையோர் 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஸ்தோத்திரம்' என இடையிடையே ஏற்றுரைக்கின்றனர். முன்னிரண்டும் எபிரேயம், கிரேக்கம், சிரியாக்கு, இலத்தீன் வழிபாடுகளிலும் பெயர்க்கப்படாமல் வழங்கியவை. மூன்றாவது வடசொல். யுஸ்தீன் காட்டும் அமைப்பு இங்கு உயிரோடு இருக்கிறது என்பது மிகையன்று. ஆயினும் கிறித்தவத் தமிழாய்வு தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் முதலிய காப்பியங்களிலேயே பெரிதும் தங்கிவிட்டது. ஒப்பாரியையும் தாலாட்டையும் ஆர்வத்தோடு தொகுத்த நாட்டார் வழக்காற்றியலும் இம்மன்றாட்டுகளின்பால் போதிய அளவு திரும்பவில்லை.

தொகுக்க முற்படுவோர் மன்றாடுபவரின் சொற்களை மட்டும் பெயர்த்தெழுதுதல் போதாது. ஏற்றுரை எவ்விடத்தில் எழுகிறது, எங்கு அடங்குகிறது என்பதும் பதிவாதல் வேண்டும். பண்டைய மன்றாட்டுகளைத் தமிழாக்கிக் கையேடாக அச்சிட விழையும் சபைகளுக்கும் இது பொருந்தும். தலைவரின் பகுதி மட்டுமே அச்சேறுமாயின், முதலில் ஓய்ந்துபோவது பின்வரிசையில் நிற்பவரின் குரலே.