மாதம் ஒரு கிலோ போதும்!



நம் கடைத் தராசுக்குத் தவறாமல் முத்திரை போடுகிறோம். ஐம்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் லாரியை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்கிறோம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்பு ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு கிலோ ஏறுவதை யாரும் கேட்பதில்லை. டாக்டர் கேட்கும் அன்று திடுக்கிட்டுப்போய், "வருகிற மாதத்துக்குள் பத்துக் கிலோ குறைத்துக் காட்டுகிறேன்" என்று சபதம் செய்கிறோம். அந்தச் சபதம் பத்து நாள் கூட நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நமது அனுபவத்தையே சொல்லிவிடுகிறோம். ராணிப்பேட்டையில் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் மகள் கல்யாணம் நிச்சயமானபோது நமது எடை 88 கிலோ. மூன்று மாதத்தில் 15 கிலோ குறைப்பது என்று முடிவு செய்தோம். காலைப் பலகாரத்தை நிறுத்தினோம். இரவுக்கு வெறும் வெள்ளரிக்காய். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள், லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மூட்டைமேல் சாய்ந்துவிட்டோம். கடைப் பையன் சமயத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தான். "மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடுமே ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். குறைந்தது நாலு கிலோ. கல்யாணம், மறுவீடு, விருந்து என்று ஆறு கிலோ திரும்பி வந்தது. ஆக 90. முதலும் போய் வட்டியும் ஏறிய கதை!

பிறகு டாக்டர் ஓர் இலக்கு சொன்னார்: "ஆறு மாதத்தில் ஐந்து கிலோ." நமக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து கிலோவால் என்ன ஆகிவிடும் என்று கேட்டோம். அவர் விளக்கியதையும் பின்னர் நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறோம்.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற மூவாயிரத்து இருநூறு பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2002-ல் முடிவு வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. அவ்வளவுதான். சர்க்கரை நோய் வருவது அவர்களிடம் 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோ ஆளுக்கு ஏழு சதவீதம் என்பது ஆறு கிலோ சொச்சம்.

நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! எடை மெஷினில் முள் அசையாவிட்டாலும் உள்ளே பலன் கிடைத்திருக்கிறது.

எனவே இலக்கை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த மாதம் இத்தனை லட்சம் விற்பேன் என்பது நம் கையில் இல்லை. நேரத்தில் கடை திறப்பதும், நல்ல சரக்கு வைப்பதும், வாங்கியதற்குத் தவணை தவறாமல் பணம் கட்டுவதும் நம் கையில் இருக்கிறது. உடம்பும் அப்படியே. எத்தனை கிலோ குறையும் என்பது உடம்பின் இஷ்டம். எத்தனை டீ குடிப்பது, எவ்வளவு தூரம் நடப்பது என்பது நம் இஷ்டம்.

நம் ஊர்த் தோல் ஷாப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பட்டைத் தண்ணீரில் தோல் பதனிடும்போது முதலில் காரம் குறைந்த தண்ணீர், பிறகு படிப்படியாகக் காரம் கூடிய தண்ணீர். அவசரப்பட்டு முதலிலேயே காரத்தில் போட்டால் மேற்புறம் மட்டும் பதமாகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். 88 கிலோ ஆள் முதல் நாளே பட்டினி கிடந்ததும் அதே தப்புத்தான்.

நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். தினம் ஆறு டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வியாபாரி வந்தால் டீ, லாரிக்காரர் வந்தால் டீ, வசூல்காரர் வந்தால் டீ. ஆறை மூன்றாக்கி, ஒரு கரண்டியாக்கினோம். இரவு பத்தரைக்குச் சாப்பிட்டதை எட்டரைக்குக் கடையிலேயே டிபன் கேரியரில் முடித்தோம். பிரியாணியை விடவில்லை. நம் பக்கத்தில் அதை விடச்சொல்லும் திட்டம் எதுவும் நிற்காது. வாரம் ஒரு நாள், ஒரு தட்டு, மறுசோறு கிடையாது. மக்கன் பேடா விசேஷத்துக்கு மட்டும்.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் இருபது ஆண்டு நடக்காத கால் முதல் நாளே எட்டுக் கிலோமீட்டர் போகக் கூடாது. நாம் பத்து நிமிடத்தில் தொடங்கினோம். அரைமணி நேரத்துக்கு வர இரண்டு மாதம் பிடித்தது.

பலன் என்ன? ஆறு மாதத்தில் நாலரைக் கிலோ. ஓர் ஆண்டில் 83 கிலோ. அதற்குக் கீழே இறங்கவில்லை. தீபாவளி மாதத்தில் ஒரு கிலோ ஏறி இறங்குகிறது. வருத்தமில்லை. மாடியில் இருக்கும் கோடவுனுக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறோம்.

2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். கடையை நம்பிக் குடும்பமும் வேலையாட்களும் இருக்கும்போது, முதலாளி படுத்துவிட்டால் நிலுவையை வசூலிக்கக்கூட ஆள் இருக்காது. ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். சங்க அலுவலகத்தில் ஓர் எடை மெஷினும் ஓர் அளவு நாடாவும் வையுங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. மாதக் கூட்டத்தில் ஸ்வீட், போண்டாவுக்குப் பதில் சுண்டல் கொடுங்கள். வணிகர் தினமான மே 5 அன்று ஆண்டுதோறும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்துங்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரே வேண்டுகோள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பிறகு மாதம் ஒரு கிலோ என்று மட்டும் இலக்கு வையுங்கள். அதுவும் குறையாத மாதத்தில் நடையை நிறுத்தாதீர்கள். நஷ்டம் வந்த மாதத்தில் நாம் கடையைப் பூட்டிவிடுவதில்லையே!